ரியூப் சுற்றிய ஹோஸ்களைக் கழற்றிய அன்று

இஞ்சேருங்கோ,

இன்று காலை பிக்கப்பின் பொனட்டைத் திறந்ததும் முதலில் வந்தது உங்கள் மணம்தான். சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசன், வெந்த றப்பர், கொஞ்சம் டீசல். மற்றப் பெண்களுக்குப் புருசனின் சட்டையில் வியர்வை மணம் மிஞ்சும். எனக்கு நீங்கள் விட்டுப்போனது இந்த இஞ்சின் மணம். மாங்குளத்துக் கராஜில், மெக்கானிக் ரவூப் நானா பார்த்துக்கொண்டு நிற்க, வெட்கமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

உங்கள் ஆட்டத்திவசம், முதல் வருசத் திதி, முடிந்த கையோடு மகள் கனடாவிலிருந்து தொடங்கிவிட்டாள். "உந்தப் பழைய வாகனத்தை வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ அம்மா. அங்க தனியக் கிடந்து என்ன செய்யப் போறியள்?" வவுனியாவிலிருந்து ஓர் ஆளும் வந்து பிக்கப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதற்கிடையில் போன கிழமை, பக்கத்துத் தோட்டங்களின் கத்தரிக்காயும் பூசணியும் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிச் சந்தைக்குப் போகும் வழியில் மேல் ஹோஸ் வெடித்துவிட்டது. ரேடியேற்றருக்கும் இஞ்சினுக்கும் இடையில் ஓடும் அந்தத் தடித்த றப்பர்க் குழாய்தான், நீங்கள் ரியூப் சுற்றிச் சுற்றியே காலம் தள்ளியது. நடுவீதியில் ஆவி கக்கிக்கொண்டு நின்றேன். மரக்கறி வெயிலில் வாடியது. உங்களை வாயில் வந்தபடி திட்டினேன். செத்தவரைத் திட்டலாமோ என்று யோசிக்கவுமில்லை.

காசை இறுக்கிப் பிடிக்கிற கசவாரம் என்றது ஊர் உங்களை. நானும் சொல்லியிருக்கிறேன். ஹோஸ் கசிந்தால் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாகக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றி, கடைசி முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுவீர்கள். யுத்தத்தில் பாதை மூடி, சாமான் வராத காலத்தில் பழகிய கை. பாதை திறந்து, கிளிநொச்சியில் கடைக்குக் கடை புது ஹோஸ் தொங்கிய பிறகும் அந்தக் கை மாறவில்லை. கேட்டால், "சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுப்பான்?" என்பீர்கள்.

ஒருநாள் உங்களைப் பிடித்திழுத்துக்கொண்டுபோய்ப் புது ஹோஸ் ஒன்று வாங்க வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைப் பையால் சுற்றிச் சீற்றுக்குப் பின்னால் செருகினீர்கள்.

"ஏன் பூட்டேல்லை?"

"இருக்கிறது ஓடட்டும். இது கையில இருக்கட்டும்."

"கையில வைச்சுக் கும்பிடவோ வாங்கினது?" என்று கத்தினேன். சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "புதுசைப் பூட்டினா, விட்டிட்டுப் போகேக்க மனம் கேக்காதப்பா."

துணுக்காயில் கிணற்றுக்குப் புது மோட்டர் பூட்டி, வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டு, அந்தத் தகரத்தில் முதல் மழை விழும் சத்தத்தைக்கூடக் கேட்காமல் வெளிக்கிட்டவர்கள் நாங்கள். முள்ளிவாய்க்கால் வரை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டுப் போனோம். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது மோட்டரும் இல்லை, தகரமும் இல்லை. அதற்குப் பிறகு இந்தப் பிக்கப்பை வாங்கினீர்கள், பழையதாகப் பார்த்து. வாங்கிய புதுச் சாமான் எல்லாம், தூக்கிக்கொண்டு ஓடத் தோதாக, கட்டியபடியே கிடந்தது.

இன்று அந்த ஹோஸைச் சீற்றுக்குப் பின்னாலிருந்து பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். "நானா, அவர் வாங்கி வைச்சது. இதையே பூட்டுங்கோ."

நானா பையைப் பிரித்து, ஹோஸை இரண்டு கையாலும் வளைத்தார். வளைவில் வாய் பிளந்தது. உள்ளே தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் போகாத ஹோஸ்.

"வெக்கைக்குள்ள சும்மா கிடந்தே பழுதாப் போச்சு தங்கச்சி," என்றார். அவரும் தொண்ணூறில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கனகாலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். "பூட்டியிருந்தா எவ்வளவு ஓடியிருக்கும்."

அட, என்ர மனுசா! மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து எதைக் காப்பாற்றினோம்? என் கூறைச்சீலைக்குப் பிறகு நீங்கள் வாங்கித் தந்த ஒரே பட்டும் அலுமாரிக்குள் மடிப்பு வழியே கிழிந்து கிடக்கிறது. நல்ல நாளொன்று வரட்டும் என்று நான்தான் கட்டாமல் வைத்திருந்தேன். உங்களை மட்டும் குறை சொல்லி என்ன?

நானா இரண்டு வகை ஹோஸைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று சாதாரணக் கறுப்பு றப்பர். மற்றது நீல நிற சிலிக்கன், சுவருக்குள் துணி வைத்துத் தடிப்பாகச் செய்தது, சூட்டுக்கு இலேசில் இளகாதாம்.

"விக்கிறதெண்டா கறுப்பே காணும், செலவு குறைவு. வச்சு ஓடப் போறீங்களெண்டா நீலத்தைப் போடுங்க."

இத்தனை நாளாக மகளுக்கும் சொல்லாத, எனக்கே சொல்லிக்கொள்ளாத பதிலை அந்த மனுசன் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். வழி நெடுக யோசித்தும் வராதது அப்போது வந்தது.

"நீலத்தைப் போடுங்கோ நானா. மேலும் கீழும், எல்லாம்."

டீசல் போகும் குழாய்க்கு மட்டும் சிலிக்கன் ஆகாதாம், அதற்கு வேறு றப்பர் போட்டார். கிளிப் எல்லாம் புதிது. இஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி ஒருதரம் இறுக்கினார். நீங்கள் சுற்றிய ரியூப் நாடாக்களை என்ன செய்வது என்று கேட்டார். எறியச் சொன்னேன். வைத்துப் பூசிக்க நான் என்ன விசரியோ? ஆனால் தண்ணீர்க் கானை நிரப்பிப் பின்னால் வைத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டேன். அந்தப் பயம் உங்களிடமிருந்து எனக்குத் தொற்றியது. அது என்னோடுதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மாங்குளத்திலிருந்து வீடு வரை சூடு காட்டும் முள் மேலே ஏறவில்லை.

பின்னேரம் மகளுக்குப் போன் எடுத்து, விற்கவில்லை என்று சொன்னேன்.

"அப்ப வரமாட்டியளோ அம்மா?"

"ஆர் சொன்னது? பேரனைப் பாக்க வருவன். திரும்பி வாறதுக்கும் சேர்த்து ரிக்கெற்றை எடு பிள்ளை."

"திரும்பிறது எப்பவெண்டு போடட்டும்?"

நீங்களும் நானும் எத்தனை தரம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டிருக்கிறோம். ஒருதரமாவது எங்களிடம் யாரும் இதைக் கேட்டார்களா?

"ஐப்பசி மழையோட காலபோக நெல்லு விதைக்கிறதுக்கு முன்னம் நான் வீட்டில நிக்கவேணும்," என்றேன்.