பின் இருக்கைக்கு ஒரு வலை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன். அங்கே அலபாமாவில் எல்லாம் பூத்திருக்கும். இங்கே கென்டக்கியில் இன்னும் ஒரு மரமும் துளிர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாடகைப் படகில் மீன்பிடிக்கப் போனேன். அப்பாவை அடக்கம் செய்த பிறகு இதுதான் முதல் தடவை. வயிறு நிறையச் சினையோடு ஒரு பெரிய பாஸ் மீன் தூண்டிலைக் கவ்வியது. படகோரம் வரை இழுத்துவிட்டு, பின் இருக்கையில் அப்பா கைவலையோடு இருப்பார் என்ற பழக்கதோஷத்தில், "வலையப் போடுங்கப்பா!" என்று கத்திவிட்டேன். தனியாகப் போகிறவன் குனிந்து மீனின் தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்க வேண்டும். நானோ வலைக்காகக் காத்து நின்றேன். மீன் ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விட்டது.

பக்கத்துப் படகில் இருந்த ஹார்லன் கிழவர், "யாருகிட்டடா கத்துற? பின் சீட்டுல பேயா உக்காந்திருக்கு?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

கொட்டகையில் தொங்கும் அப்பாவின் வலையை அனுப்பி வையுங்கள். கிழிந்திருந்தாலும் தைக்க வேண்டாம். மீன் தப்பினால் தப்பட்டும். பின் இருக்கையில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்,
ராய்ஸ்