நீ அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன்

மரியே வாழ்க

மயூர் விஹார், டெல்லி
18.11.2025, செவ்வாய்

என் அன்பு மகள் ஜெனிக்கு அம்மா எழுதுவது,

நீ சுகமாக இருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் பார்த்துக்கொண்டேன், முகம் கொஞ்சம் வாடியிருந்தது, நைட் டூட்டியைக் குறைத்துக்கொள் என்றால் நீ கேட்கப்போவதில்லை. நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும், கை அதற்குத்தான் போகிறது, ஆனால் அந்த வரியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வரும், முப்பத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை, நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் முகம் மாறாமல் பேசிப் பழகிய வாய் இது. அதனால் எழுதி டெல்பின் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவள் வியாழக்கிழமை ஃபிளைட்டில் டப்ளின் வருகிறாள், நம் கோயிலில் மறைக்கல்வி வகுப்பில் உன் பின்னாலேயே சுற்றுவாளே, அவள்தான், அவளுக்கும் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. கூடவே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நெய்மீன் வாங்கி ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு ஃபைலும் இருக்கிறது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், நேரம் ஆகும், ஆகட்டும், நீயே வாசி, டெல்பினிடம் வாசித்துச் சொல்லக் கேட்காதே.

விஷயம் இதுதான். பிராங்ளின் சித்தப்பா நாகர்கோவிலிலிருந்து நம் குடும்ப குரூப்பில் ஒரு படத்தின் லிங்க் போட்டிருந்தார் இல்லையா, நீ அதற்குக் கட்டைவிரல் போட்டு, சனிக்கிழமை எனக்கு ஆஃப், பார்க்கிறேன் சித்தப்பா என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். அந்தப் படத்தின் கதை என் வாயிலிருந்து போனது. அது நம் வீட்டுக் கதை, உன் அப்பாவின் கதை, உனக்கு மட்டும் தெரியாத கதை. இதை வாசித்து முடித்த பிறகு நீ என்னோடு பேசுவாயா என்று எனக்குத் தெரியாது ஜெனி, எனக்கு அந்தப் பயம்தான், அந்தப் பயத்தில்தான் ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் ரிட்டயர் ஆன பிறகு பட்பட்கஞ்சில் ஒரு மாதாஜியைப் பகலில் கவனித்துக்கொள்ளப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். அந்த மாதாஜிக்கு மதியம் சாப்பிட்டு மாத்திரை போட்டால் டி.வி. வேண்டும், அதுவும் ஒரே மாதிரிப் படம், தியேட்டருக்குப் போகாமல் டி.வி.க்காகவே எடுக்கிற படங்கள், எல்லாவற்றிலும் ஒரு நல்ல குடும்பம், அந்தக் குடும்பத்தில் ஒரு இருட்டு ரகசியம், ஒரு பூட்டிய அலமாரி, கடைசியில் மழையில் யாராவது மாடியிலிருந்து விழுவார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். செத்துப்போனவனுக்கு ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும், ஊசியைத் துணிக்கு மேலேயே குத்துவார்கள், நான் டி.வி.யைப் பார்த்துத் திட்டிக்கொண்டே மாதாஜிக்குக் கால் பிடித்துவிடுவேன். அவருடைய மருமகள் ஷ்ருதி இந்த மாதிரிப் படங்களுக்குத்தான் கதை எழுதுகிறாள் என்று எனக்கு முதலில் தெரியாது. நான் திட்டியதைக் கேட்டுவிட்டு ஒருநாள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், சிஸ்டர்ஜி, ஆஸ்பத்திரியில் ஒருத்தரைச் சத்தமில்லாமல் கொல்வது எப்படி என்று டீ கொடுத்துக் கேட்டாள். பெருமையாகத்தான் இருந்தது போ. இத்தனை வருஷ அனுபவத்தை யாராவது நோட்டில் எழுதிக்கொண்டார்களா. விட்டு விட்டு இரண்டு மாதம் அவளுக்கு ஆஸ்பத்திரி நடைமுறை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

அப்புறம் ஒருநாள் அவள் கேட்டாள், இதெல்லாம் கற்பனை சிஸ்டர்ஜி, நிஜமாக ஒரு குடும்பம் மறைத்து வைத்தது ஏதாவது உங்களுக்குத் தெரியுமா என்று. நான் சொல்லிவிட்டேன். எங்கள் பில்டிங்கில் ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று ஆரம்பித்தேன். தமிழில் பாவசங்கீர்த்தனத்தில் கூட வாயில் வராத விஷயம், சாமியாரிடம் போய் முழங்காலிட்டு வேறு ஏதோ சின்னப் பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்த விஷயம், இந்தியில் கடகடவென்று வந்துவிட்டது. இந்தியில் நான் காய்கறிக்காரனோடும் ஆட்டோ பையாவோடும்தான் பேசியிருக்கிறேன், அதில் சொன்னபோது அது யாருக்கோ நடந்தது மாதிரி இருந்தது. ஷ்ருதி அச்சா அச்சா என்று எழுதிக்கொண்டே இருந்தாள், எனக்கு மனசு லேசான மாதிரி இருந்தது, வெட்கம் கெட்டவள் நான்.

இப்போது உனக்குச் சொல்கிறேன், பக்கத்து வீட்டுப் பொம்பளை என்று சொல்லாமல். அப்பா காலையில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அவர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நவம்பர் மூன்றாம் தேதி சேர்த்தோம், பதினான்காம் தேதி போனார். இருதயம் விரிந்து சிறுநீரகமும் நின்றுவிட்டது, இரண்டாம் நாளே சார்ட்டைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் வீட்டுக்கு வரமாட்டார் என்று. உனக்கு அப்போதுதான் அங்கே போய் மூன்று மாதம், அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய எழுத வேண்டிய தகுதிப் பரீட்சை அந்த மாதக் கடைசியில், அதை விட்டால் நீ திரும்பி வர வேண்டியதுதான். நான் தீர்மானித்தேன், நான் ஒருத்திதான், ஜோபின் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான், அவன் அக்காவிடம் சொல்லிவிடலாம் அம்மா என்று அழுதான், மாதா மேல் சத்தியம் வாங்கினேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார், அப்பா மலை மந்திர் பக்கம் நண்பரைப் பார்க்கப் போயிருக்கிறார், அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று பதினோரு நாளும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

இதோடு நின்றிருந்தால் எல்லா அம்மாவும் செய்கிறதுதான் என்று நீ மன்னித்துவிடுவாய். நான் அதற்கு மேலேயும் செய்தேன். உனக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தால் யாருடைய போனையாவது வாங்கி அவரே கூப்பிட்டுவிடுவார். அதனால் அவரிடம், ஜெனிக்குச் சொல்லிவிட்டேன், அவளுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். அவர் அதை நம்பவே இல்லை, எப்படியாவது வந்துவிடுவாள் என்று, பார்வையாளர் நேரம் நாலு மணி ஆனதும் நீ முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கேட்பார். ஆஸ்பத்திரி அங்கியில் பிள்ளை பார்த்தால் பயந்துவிடுவாளாம். ட்ரிப்ஸ் ஏறுகிற கைக்குச் சட்டை ஏறாது, ஒரு கையை நுழைத்து மறுபக்கத்தைத் தோளில் போர்த்திவிடுவேன், ஆறு மணிக்கு மணி அடித்ததும் கழற்றி மடித்து வைப்பேன். பதினோரு நாள் இதைச் செய்தேன். இந்தக் கையால்தான் செய்தேன்.

நீ அடக்கத்துக்கு வந்தபோது அவருக்கு அந்தச் சட்டையே போட்டிருந்ததைப் பார்த்து, ஞாபகம் வைத்துப் போட்டீங்களே அம்மா என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் ஆமா என்றேன். கல்லறையில் பிராங்ளின் சித்தப்பா உன் பக்கத்தில் நிற்கவில்லை, சித்தி உன்னோடு பேசவில்லை, ஏன்மா இப்படி இருக்காங்க என்று கேட்டாய், துக்கத்தில் இருக்காங்க என்றேன். துக்கம் இல்லை. சித்தப்பா கடைசி இரண்டு நாள் வந்து பார்த்தவர், அந்தச் சட்டையைப் பார்த்தவர், நீ தெரிந்தும் வரவில்லை என்று நினைத்தவர். அவளிடம் எதுவும் கேட்காதீர்கள், நொறுங்கிப்போயிருக்கிறாள் என்று அவர்கள் வாயையும் நான்தான் அடைத்தேன். அவர்களும் நல்ல மனுஷர்கள், கேட்கவில்லை, ஆறு வருஷமாக உன்னை மனசுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

படம் இந்தியில் வந்தபோது மாதாஜியோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். ஷ்ருதி அந்த அம்மாவை வீட்டுக்கு ஆசைப்பட்டுப் புருஷனுக்கு ஊசி போட்டுக் கொல்கிறவளாக ஆக்கியிருந்தாள், மகள் போலீஸாம், மழை, மாடி, எல்லாம் இருந்தது. மாதாஜி டி.வி.யைக் காட்டி, பெற்ற பிள்ளைக்கு எவளாவது இப்படிச் செய்வாளா, சுடைல் என்றார். சுடைல் என்றால் பேய், பிசாசு. ஆமா மாதாஜி என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன். கொலையைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாகக் கூட இருந்தது, நான் அவ்வளவு கெட்டவள் இல்லையே என்று. போன வாரம் அது தமிழில் வந்து நம் சித்தப்பா கண்ணில் பட்டுவிட்டது. அவர் லிங்க் போட்ட கையோடு எனக்குப் போன் போட்டார், அந்தப் படத்தில் ஒரு ஆள் ஒரு கை மட்டும் நுழைத்துச் சட்டை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான், பார்த்ததும் அண்ணன் நினைவு வந்து அழுதுவிட்டேன் என்றார். அப்புறம் சொன்னார், “அதுல உள்ள மகளுக்கு ஒண்ணும் தெரியாது மைனி, பாவம். நம்ம வீட்டுல தெரிஞ்சும் வரல்ல.” நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த லிங்கைத் திறந்து தமிழில் பார்த்தேன். அவளுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்று அந்த அம்மா தமிழில் சொல்கிறாள். அதே வார்த்தை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசியைக் களைந்தேன், எத்தனை தடவை களைந்தேன் என்று தெரியவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் ஒன்று இல்லை, அதை நான் ஷ்ருதியிடம் சொல்லவில்லை, அது உனக்குச் சேர வேண்டியது. பதினோராம் நாள் மாலை, மணி அடித்து எல்லோரும் போன பிறகு, நான் சட்டையைக் கழற்றும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளைய ஏசாதே, கேட்டியா. நானும் எங்க அப்பனுக்குப் போவல்ல. லீவு கிடைக்கல்லன்னு ஊர்ல எல்லாருட்டயும் சொன்னேன். நான் லீவே கேக்கல்ல.” இதை முப்பத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நீயும் அவரைப் போலவே கேட்காமல் இருந்துவிட்டாய் என்று நினைத்து, நீ செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்துவிட்டுப் போனார். செய்த நான் பக்கத்தில் நின்று தலையணையைச் சரிசெய்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம், போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டு அவர் காதில் வைத்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. மறுநாள் விடியும்போது அவர் இல்லை. உன் பரீட்சைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், அது பாதிதான், நான் சொன்ன பொய் உடைந்துவிடுமே என்ற பயம் மீதி.

டெல்பினிடம் கொடுத்திருக்கிற ஃபைல் அவருடைய ஆஸ்பத்திரி ஃபைல். படத்தில் பூட்டிய அலமாரி, நம் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வைக்கிற பெட்டி, அதில் சூசையப்பருக்கு அடியில் ஆறு வருஷம் இருந்தது. நீயும் நர்ஸ், சார்ட்டைப் பார்த்தால் உனக்கே புரியும், நீ வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. காப்பாற்றுவதற்காக அவர் உன்னைத் தேடவில்லை, அதையும் நான் அறிவேன். பிராங்ளின் சித்தப்பாவுக்கும் இதே விஷயத்தை எழுதி இன்று காலை கூரியரில் அனுப்பிவிட்டேன், அவர் இனி உன்னோடு எப்படிப் பேசுகிறார் என்று பார், என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை.

இப்போது நான் முதலில் எழுதாமல் விட்ட வரி. ஜோபின் சுகம், நொய்டா வேலையில் இருக்கிறான், புகை அதிகமாக இருப்பதால் மாஸ்க் போட்டுக்கொண்டு போகிறான். நான் சுகம் இல்லை. இடது மார்பில் ஒரு கட்டி, நானேதான் குளிக்கும்போது கண்டுபிடித்தேன், பயாப்ஸி செய்து பார்த்ததில் புற்று என்று வந்திருக்கிறது, ஆரம்ப நிலைதான் என்கிறார்கள். டிசம்பர் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். பன்னிரண்டாம் தேதி உனக்கு வார்டு மேனேஜர் இன்டர்வியூ இருக்கிறதாம், அது முடியட்டும், அக்காவிடம் அப்புறம் சொல்லலாம் என்று ஜோபின் சொன்னான். நான் முறைத்தேன். அவன் சொன்னான், “அப்பாவுக்கு நீங்க அப்படித்தானே செஞ்சீங்க, அக்கா இன்னைக்கு நல்லா இருக்கால்ல?” அவனைத் திட்ட எனக்கு வாய் இல்லை ஜெனி, நான் கற்றுக்கொடுத்ததுதானே.

அவனிடம் கோபப்படாதே, என்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. ஊறுகாயை ஃபிரிஜில் வை, ஈரக் கரண்டி போடாதே. மாதாவும் உன் அப்பாவின் ஆன்மாவும் எப்போதும் உன் பக்கத்தில் இருக்கட்டும், கைவைத்த காரியமெல்லாம் உனக்கு நன்றாக நடக்கட்டும். தேதியை இன்னொரு தடவை எழுதுகிறேன், டிசம்பர் ஒன்பது, செவ்வாய். பார்வையாளர் நேரம் அங்கேயும் நாலிலிருந்து ஆறு. வா என்று நான் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. லீவு கேட்பதா வேண்டாமா என்று இந்தத் தடவை நீ முடிவு செய்.

உன் அம்மா,
அல்போன்சா கிறிஸ்துதாஸ்