பதினான்காம் தொகுதி, பக்கம் 212

மார்ச் 3, புதன்

சட்டக் கல்லூரி நூலகத்தில் மூன்றாவது வாரம். பேராசிரியரின் சாட்சியச் சட்டப் புத்தகம் ஒன்பதாம் பதிப்பு காண்கிறது. அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் அதன் மூலத் தீர்ப்போடு கணினியில் இணைப்பது என் வேலை. மொத்தம் 2,316. சட்டம் எனக்குத் தெரியாது; இணைப்பு அறுந்தால் தெரியும். இன்று ஒன்று அறுந்தது. தீர்ப்புத் திரட்டின் 14-ஆம் தொகுதி, பக்கம் 212. அந்தத் தொகுதியோ 208-இல் முடிந்துவிடுகிறது.

மார்ச் 4

மூன்று பிரதிகளைப் பார்த்தாயிற்று. எதிலும் பக்கம் கிழியவில்லை. நூலகர் அக்கா சிரித்தார்: "அதைச் சொல்லாத ஜட்ஜே கிடையாது தம்பி. நீ இல்லேங்கிற!"

தேடினேன். முப்பத்தேழு தீர்ப்புகள் அதை எடுத்தாள்கின்றன. ஒருவர்கூட மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை. எல்லாருக்கும் மூலம் இந்தப் புத்தகம்தான்.

அது சொல்வது நாலே வரி. காணாமல் போனவரை இறந்தவராக நீதிமன்றம் அறிவித்த பிறகு, அவரே நேரில் வந்து நின்றாலும், வந்து நிற்பது மட்டும் உயிரோடிருப்பதற்குச் சான்றாகாது.

மார்ச் 9, செவ்வாய்

பேராசிரியரின் அறைக்கு எதிரே பெஞ்சில் ஒருவர், மடியில் ஃபைலுடன். என் கையிலிருந்த தொகுதியைப் பார்த்துக் கேட்டார்: "கெடச்சுதா தம்பி, இருநூத்திப் பன்னெண்டு?"

யார் இவர் என்று காவலாளியிடம் கேட்டேன்.

"பெஞ்சுலயா? யாரும் இல்லையே சார்."

திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தார். இருமினார் வேறு.

மார்ச் 10

காவலாளி பிறகு சொன்னது: "அவர் ஐடி கார்டு செல்லாது சார். சிஸ்டம் எடுக்காது. நோட்டுல எழுதாத ஆளு வந்ததா கணக்கில்ல." பதினொரு வருடமாகச் செவ்வாய்தோறும் வருகிறாராம்.

மார்ச் 16

பேராசிரியரிடம் நேரடியாகவே கேட்டேன். மறைக்கவில்லை.

"அது நான் வெச்ச பொறி தம்பி. முதல் பதிப்பு வந்தப்ப என் புத்தகத்த அப்படியே காப்பியடிச்சாங்க. திருடன் மாட்டட்டும்னு இல்லாத ஒரு வழக்க நானே கட்டினேன். மாட்டினான். அடுத்த பதிப்புல எடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒரு கோர்ட்டு எடுத்துக்கிச்சு."

"சொல்லியிருக்கலாமே சார்?"

"அந்த அத்தியாயத்துக்குத்தான் எனக்குப் பதவியே வந்தது."

"வெளிய உக்காந்திருக்காரே, அவரு?"

கதவு திறந்தே இருந்தது. பேராசிரியர் திரும்பவில்லை. "எந்த வெளிய?" என்றார்.

மார்ச் 23

பெஞ்சுக்காரர் பேசினார். கப்பல் வேலை. எட்டு வருடம் தகவல் இல்லை. அண்ணன் வழக்குப் போட்டு வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். இவர் திரும்பி வந்து கூண்டில் நின்றபோது அந்த நாலு வரியை நீதிபதி வாசித்தாராம்.

"என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் தம்பி படிச்சாரு. செத்தவனுக்குச் சளி மட்டும் பிடிக்குது பாருங்க."

"இங்க எதுக்கு வர்றீங்க?"

"எழுதினவரு ஒரு தரம் நிமிந்து பாக்கட்டுமே."

எனக்கெதுக்கு இந்த வம்பு? இணைப்புப் போட வந்தவன் நான். — ஆனா இல்லாத பக்கத்துக்கு எப்படிய்யா இணைப்புப் போடுவேன்?

மார்ச் 26

போட்டுவிட்டேன். அடிக்குறிப்பு 1,140: "இப்படியொரு தீர்ப்பு இல்லை. நூலாசிரியரின் கற்பனை." மெய்ப்பைப் பேராசிரியர் மேஜையில் வைத்துவிட்டு வேலை போகும் என்று காத்திருந்தேன். அந்த வரியில் பேனா நின்றது. பிறகு எழுந்து கதவருகே போய், பெஞ்சைப் பார்த்தார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 31

பேராசிரியர் ஓய்வு பெற்றார். பாராட்டு விழா ரத்து.

ஆகஸ்ட் 3

அச்சான ஒன்பதாம் பதிப்பைக் காட்டிப் பெஞ்சுக்காரர் போட்ட மனுவுக்குத் தீர்ப்பு வந்தது. மூலம் கற்பனையே ஆயினும், முப்பத்தேழு தீர்ப்புகளால் நிலைபெற்ற கொள்கை தொடரும்.

இப்போது முப்பத்தெட்டு.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

பெஞ்சில் இரண்டு பேர். பேராசிரியர் அந்த ஃபைலை மடியில் வைத்து மேல்முறையீடு எழுதுகிறார்; மற்றவர் தேதிகளைச் சொல்கிறார். ஓய்வு பெற்றதோடு பேராசிரியரின் கார்டும் காலாவதியாகிவிட்டது. அவருக்கு முப்பது வருடம் வணக்கம் வைத்த காவலாளியிடம், உள்ளே நாற்காலி போடலாமா என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு சார்? பெஞ்சுல யாரும் இல்லையே."