கொதிகலன்காரர் கையெழுத்துப் போட்ட நேரம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், புள்ளி கமா எல்லாம் வேண்டிய இடத்தில் நீயே போட்டுக்கொள்.

தம்பிக்கு இருமல் விட்டது. அம்மா கண்ணாடி மாற்றினாள், புதுக் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வயசாயிடுச்சா உங்களுக்கு" என்று கேட்டாள், பழையதையே போட்டுக்கொள் என்றேன். மருத்துவமனை நிர்வாகம், தங்கும் விடுதி, சரக்குக் கிடங்கு என்று மூன்று இடத்தில் நீ நேர்காணலுக்குப் போனதை நான்தான் பெருமையில் உளறிவிட்டேன், இப்போது இந்தக் கட்டடமே உனக்கு வேலை பார்த்துக் கொடுக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரர், "விடுதிதாங்க நல்லது, சாப்பாட்டுக்குக் கவலையில்ல" என்கிறார். உன் மாமா, "எந்தத் தொழிலா இருந்தா என்ன, மேனேஜர்னா உக்காந்த இடத்துல கையெழுத்துப் போடுற வேலைதானே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கிடங்குக்காரர்கள் உன்னையே நிர்வாக மேலாளராக எடுத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னாள். முதல் மூன்று மாதத்தில் நாற்பது பேரில் ஆறு பேரைக் குறைக்கச் சொல்கிறார்களாம், அதனால் நீ வேண்டாம் என்று எழுதப்போகிறாயாம். "அப்பா மாதிரிதாம்மா நானும், நாற்காலி நமக்கு ஒத்துக்காது" என்று போனில் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, அதனால்தான் விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன் பார், அது பொய்யம்மா.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஒன்பது வருஷம் துணி மடித்த பிறகு என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு போனேன், ஒன்று எழுதவே எழுதாது. ஏழாவது மாதம் இரண்டு ஆளைக் குறைக்க வேண்டும், தாமதமாக வருகிறவர்கள் பெயரைக் கொடு என்றார் மேலாளர். நான் வருகைப் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எண்ணினேன். எல்லாரையும்விட அதிகத் தாமதம் கொதிகலன்காரருக்கு, ஆறு மணி வேலைக்குத் தினமும் ஆறே முக்கால். அவர் பெயரை முதலில் எழுதினேன்.

அவர் ஐந்தரைக்கே வருகிற மனுஷன். நேராகப் போய்க் கொதிகலனைப் பற்றவைப்பார், ஆவி ஏறி முடிகிறவரை அதைவிட்டு நகர முடியாது, பதிவேடு இருப்பதோ கட்டடத்தின் மறுகோடியில். அதனால் ஆறே முக்காலுக்கு வந்து கையெழுத்துப் போடுவார், போடுகிற நேரத்தையே எழுதுவார். நாங்கள் ஆறேகாலுக்கு வந்தாலும் ஆறு என்று எழுதுகிற கூட்டம், நானும் சேர்த்துத்தான். இது எனக்குத் தெரியாததில்லை. ஒன்பது வருஷம் அந்தக் கொதிகலன் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு தேநீர் குடித்தவன் நான். அறைக்குள் போய் உட்கார்ந்ததும் எனக்கு எண் மட்டும்தான் கண்ணில் பட்டது.

அவர் போன மறுநாள் ஏழரை வரை ஆவி வரவில்லை, ஈரத் துணி மலையாகக் குவிந்து கிடந்தது, அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன், "எழுதிக் குடுத்தது நீங்கதானே" என்றார் மேலாளர். கொதிகலன்காரர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று பார்த்தால், "நோட்டுல இருக்கிறதைத்தானே எழுதினே, உள்ள வா" என்றார். நான் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். மறுவாரம் எனக்கு மேற்பார்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அது நல்லவன் செய்கிற காரியம் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார், எங்களில் ஒருத்தரையும் அவருக்குத் தெரியாது, அடுத்த வருஷம் அதே பதிவேட்டைப் பார்த்து மூன்று பேரை வேலையை விட்டு எடுத்தார். அதில் இரண்டு பேர் எடுக்கவே கூடாதவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், என் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நான் இறங்கி வந்ததால் கொதிகலன்காரருக்கு வேலை திரும்பக் கிடைக்கவும் இல்லை. என் மனம்தான் கொஞ்சம் லேசானது, வேறு யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

அதனால் நீ அந்த வேலைக்குப் போ. நீ எழுதாவிட்டால் யாரோ ஒருவர் அந்த ஆறு பெயரை உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவார். நீ ஒரு மாதம் காகிதத்தைத் தொடாதே, ஒவ்வொரு ஆளும் காலையில் வந்ததும் முதலில் எங்கே போகிறான் என்று கூடவே போய்ப் பார். ஆறு பேர் வேண்டாம், இரண்டே போதும், இல்லை ஒருத்தரையும் நிறுத்தக் கூடாது என்று பட்டால் மேலே போய்ச் சொல். கேட்பார்களோ மாட்டார்களோ, சொல்வதற்கு நீ அங்கே இருக்க வேண்டும். உனக்கு என் குணம் வரவேண்டிய அவசியம் இல்லை, என் காது வந்ததே போதும்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே, பல் டாக்டரைத் தள்ளிப்போடாதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
சலவைப் பகுதியில் ஏழு மாதம் மேற்பார்வையாளராக இருந்த
உன் அப்பா