ஆரிபாவின் மூஞ்சூறு

சென்னை
3-2-1936

அன்புள்ள லத்தீப்,

போன வருஷம் கீழக்குயில்குடி மலையடியில் உன் மகள் ஆரிபா பிடித்துத் தந்த மூஞ்சூறைக் கல்லூரியில் பஞ்சடைத்துப் பாடம் செய்து வைத்திருக்கிறேன் அல்லவா? வீட்டு மூஞ்சூறு சாம்பல் நிறம். இது பழுப்பு, உடம்பும் சிறிசு. புது இனம் என்றே நம்புகிறேன். அதற்கு ஆரிபாவின் பெயரையே வைக்கப் போகிறேன். காய்ச்சல் குழந்தையைக் கொண்டுபோனாலும் பெயர் புத்தகத்தில் நிற்கும். மரியம் தங்கச்சியிடம் சொல்.

என்றும் உன்,
வெங்கடரமணன்


சிம்மக்கல், மதுரை
11-2-1936

அன்பு வெங்கடரமணா,

உன் கடிதத்தை மரியம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு மடிப்பே கிழிந்துவிட்டது. பிள்ளை போனபிறகு மரியம் வாய்திறந்து பேசியது அன்றுதான். "ஏங்க, எம்புள்ள பேரு அழியாதுல்ல?" என்று கேட்டாள்.

விளக்குமாற்றால் மூஞ்சூறு விரட்டியவள், இப்போது அங்கணத்துச் சாக்கடை ஓரம் நெத்திலித் தலை வைக்கிறாள். இது வேறு, மலையில் பிடித்தது வேறு என்றால் காதில் போட்டுக்கொள்வதில்லை. வீடே நாறுகிறது. தடுக்க மனம் வரவில்லை. சீக்கிரம் அச்சேற்று. கடுதாசி போடத்தான் உனக்கு எப்போதும் கை வலிக்கும்.

உன்,
லத்தீப்


சென்னை
20-7-1936

அன்புள்ள லத்தீப்,

எழுதவே கஷ்டமாக இருக்கிறது. இலங்கை, பர்மா, மலாயா, ஏடன் என்று கப்பல் போகிற ஊர்களிலிருந்தெல்லாம் மூஞ்சூறுத் தோலும் மண்டையோடும் வரவழைத்து ஒப்பிட்டேன். நிறமும் பருமனும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. மண்டையோடும் பல்லும் ஒன்றுதான். ஆரிபா பிடித்ததும் உன் வீட்டு அங்கணத்தில் ஓடுவதும் ஒரே இனம். அதற்கு எப்போதோ யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். அச்சுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தெரிந்தே பொய்யை அச்சேற்ற என்னால் ஆகாது. அடுத்த மாதம் வந்து தங்கச்சியிடம் நானே சொல்கிறேன்.

என்றும் உன்,
வெங்கடரமணன்


சிம்மக்கல், மதுரை
28-7-1936

வெங்கடரமணா,

உன்மேல் கோபமில்லை. நீ செய்தது சரிதான்.

தபாலைக் கண்டதும் மரியம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அச்சுல வந்துருச்சா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்? வந்துவிட்டது என்றேன். நீ எழுதாததையெல்லாம் எழுதியதாகப் படித்தும் காட்டினேன். இப்போது நெத்திலித் தலையோடு அங்கணத்தில் உட்கார்ந்து, "ஆரிபா, வாத்தா" என்று கூப்பிடுகிறாள்.

அந்த இனம் ஏடன் வரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எங்கள் பிள்ளை எங்கேயும் இல்லை.

உனக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்திலிருந்தே வராது. அதனால் நீ வர வேண்டாம். இனிமேல் எழுதவும் வேண்டாம். கடிதம் வந்தால் படிக்கச் சொல்வாள்.

அப்துல் லத்தீப்