துவரம்பருப்புப் பொட்டலத்தில் இருந்த தேதி

அப்பா,

கரும்புக் கொல்லையில் ஒளிந்திருக்கும் நீங்கள் இருட்டியதும் பின்பக்கமாகத்தான் வருவீர்கள் என்று கதவைத் தாழ் போடவில்லை. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்போரம் இருக்கின்றன. கடைச் சாவி அரிசிப் பானைக்குள்.

காலையில் பொட்டலம் கட்டக் கிழித்த தாளில் பிள்ளை பிடிக்கிறவன் செய்தியைப் படித்ததும், கடை வாசலில் மூட்டையோடு நின்ற போர்வை வியாபாரி மேல் பாய்ந்தீர்கள். "இன்னாடா, மூட்டைல புள்ளையா வச்சிக்கிற?" என்று கத்தி, இரண்டு கிலோ எடைக்கல்லால் மண்டையைப் பிளந்தீர்கள். ரத்தம் வெல்லத்தின் மேல் தெறித்தது. அப்புறம்தான் கடைத்தெருவே சேர்ந்து மிதித்தது. மூட்டையில் போர்வைகள்தான் இருந்தன.

"தேதி பாத்தியாப்பா?" என்றேன். உதடு கிழிய அறைந்தீர்கள். "பேப்பர்ல போட்டது பொய்யாடி?"

எந்தச் செய்தியானாலும் முதலில் தேதியைப் பார், அப்புறம் கண்ணால் பார்த்தது யார் என்று கேள். கமலவேணி டீச்சர் வகுப்பில் பேப்பரை விரித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்.

அந்தத் தாளின் மேல்பாதி நம் வீட்டுத் துவரம்பருப்புப் பொட்டலமாக இருந்தது. பிரித்து இதோடு வைத்திருக்கிறேன். ஏழு வருஷத்துப் பழைய பேப்பர் அப்பா, நீங்கள் எடைக்கு வாங்கிய கட்டோடு வந்தது.

கஸ்தூரி

பருப்பு கிண்ணத்தில் இருக்கிறது. ரத்தம் பட்ட உங்கள் சட்டையை நான் துவைக்கவில்லை.

அந்தப் போர்வை வியாபாரி மத்தியானம் செத்துப்போனாராம். "கூட்டத்துல யாரு அடிச்சதுன்னு தெரியல" என்று எல்லாரும் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். நான் அங்கேதான் போகிறேன். கண்ணால் பார்த்தது யார் என்று கேட்பார்கள். நான் பார்த்தேன் அப்பா.