மிச்சப் பிரதிகளை என்ன செய்வது

அன்புள்ள கள்ளப் பதிப்பாளருக்கு,

போன ஞாயிறு இங்கே லாசாலில் நடந்த புத்தகச் சந்தையில் என் சிறுகதைத் தொகுப்பின் புதிய பதிப்பைக் கண்டேன். மேசையில் இருந்த பெண், "வாங்கிப் பாருங்கோ அக்கா. இவ நல்லா எழுதுவா, ஆனா சரியான சிடுமூஞ்சியாம்" என்றாள்.

"ஓம், நானும் கேள்விப்பட்டிருக்கிறன்" என்று சொல்லி ஒன்றை வாங்கினேன்.

பின்னட்டையில் உன் ரொறன்ரோப் பதிப்பகத்தின் பெயர். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பாய், நாம் கதைத்துப் பதினொரு வருடமாகிறது.

பல்கலைக்கழக நூலகத்தில் பழைய சட்ட நூல்களைப் பட்டியலிடுவது என் வேலை. கோபம் வந்ததும் அங்கேதான் போனேன். 1837ஆம் ஆண்டுப் பிரஷ்யச் சட்டம் கண்டிப்பானது: கேட்காமல் மறுபதிப்புப் போட்டால் மிச்சப் பிரதிகளைப் பறித்து அழிக்க வேண்டும்.

பிறகு, குற்றம் கண்டுபிடிக்கவென்றே உன் பதிப்பை வரிவரியாகப் படித்தேன். முதற்பதிப்பை அச்சுக்குத் தயாரித்தபோது நீ தவறவிட்ட கடைசிக் கதை இதில் இருக்கிறது. வெளியீட்டு விழாவில் எல்லோருக்கும் முன்னால், அது எங்கே என்று நான் உன்னிடம் கொஞ்சம் உரக்கவே கேட்டேனே, அந்தக் கதை. அதன் கையெழுத்துப் பிரதியை இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறாய். என்னிடம்கூட அது இல்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், பிரதிகளை அழிக்காமல் தன்னிடம் ஒப்படைக்கும்படி கேட்கலாம்.

நான் கேட்கிறேன். தபாலில் வேண்டாம், நேரில் கொண்டுவா. எல்லாவற்றையும் ஒரே தடவையில் தூக்கிவர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட சிடுமூஞ்சி